ஓய்வால் ஆறாத வலி

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சியில் வேலை பார்த்த 186 பேர், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று மருத்துவரிடம் வந்தவர்கள். ஆய்வாளர்கள் அவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் கிடக்க வேண்டும். இரண்டாம் பிரிவினருக்கு முதுகை வளைக்கும் பயிற்சிகள் தரப்பட்டன. மூன்றாம் பிரிவினரிடம் தனியாக எதுவும் செய்யச் சொல்லவில்லை; வலி எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். 1995-இல் முடிவு வெளிவந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோதும், பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் தேறியிருந்தவர்களில் முந்தி நின்றது மூன்றாம் பிரிவு. எல்லோரிலும் மெதுவாகத் தேறியவர்கள் படுத்துக் கிடந்தவர்கள்.

முதுகு பிடித்தால் பலகையில் படு, அசையாதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த அறிவுரையை இந்த முடிவு ஆட்டிவிட்டது.

அது புதிதாக வந்த வலியைப் பற்றிய ஆய்வு. மூன்று மாதங்களைத் தாண்டியும் விடாத வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்று தனியாக வகைப்படுத்துகிறது. இடுப்பு வலியால் மட்டும் 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேர் அவதிப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழங்கால், கழுத்து, தோள்பட்டை, உடம்பு முழுக்கப் பரவும் ஃபைப்ரோமயால்ஜியா, மாதக்கணக்கில் வாட்டும் வயிற்று வலி எல்லாவற்றையும் சேர்த்தால், இந்த அவதி இல்லாத தெரு ஒன்றைக் காட்டுவது கடினம். ஸ்கேன் எடுத்தாயிற்று, "டிஸ்க் விலகியிருக்கு", "முட்டி தேஞ்சுபோச்சு" என்று சொல்லியாயிற்று, மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கிறது. வலி மட்டும் போகவில்லை. குனியாதே, மாடி ஏறாதே, தரையில் உட்காராதே என்று ஒவ்வொன்றாகத் தடை விழுந்து, வாழ்க்கை ஒரு நாற்காலி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

அந்த ஸ்கேன் அறிக்கையை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அச்சம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன் படங்களை அலசிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. எந்த வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புத் தட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். தட்டு பிதுங்கியிருப்பது இருபது வயதிலேயே நூற்றுக்கு முப்பது பேரிடம் இருந்தது. தலை நரைப்பதைப் போலவே முதுகெலும்பிலும் வயது தன் தடத்தைப் பதிக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். படத்தில் தெரியும் தேய்மானமே வலிக்குக் காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்ட முடியாது.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? 1983-இல் கிளிஃபோர்ட் உல்ஃப் என்ற நரம்பியலாளர், அடிபட்ட இடத்திலிருந்து தொடர்ந்து செய்தி வந்தால் தண்டுவடமே தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்று சோதனையில் காட்டினார். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டால் மைக்கின் முன்னால் யாராவது இருமினால்கூடத் தெரு அதிரும்; அதுபோல, சாதாரணமாகக் குனிவதும் நிமிர்வதும்கூட அந்த நரம்பு மண்டலத்தில் பெருவலியாகக் கேட்கிறது. அடிபட்ட திசு எப்போதோ ஆறியிருக்கலாம். வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலிப்பவருக்கு அது முழுக்க மெய். "உனக்கு ஒண்ணுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று குடும்பத்தாரும் சில மருத்துவர்களும் சொல்வது அறியாமை மட்டுமில்லை, கொடுமையும்கூட. பெண்கள்தான் இந்தச் சொல்லை அதிகம் கேட்கிறார்கள்.

கூடிப்போன அந்தச் சத்தத்தை மாத்திரையால் மட்டும் குறைக்க முடிவதில்லை. காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்காக பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள், ஓபியாய்டுகள் ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 ஏப்ரலில் மருத்துவர்களுக்கு வழிகாட்டியது. அது முன்வைத்த சிகிச்சைகளின் வரிசையில் உடற்பயிற்சிக்கு இடம் இருந்தது. 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. நம் ஊரில் வழக்கமாக மாட்டிவிடும் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணையும் ரத்தக்கசிவையும் உண்டாக்கலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அசைவு நல்லது என்பதை ஒரு மாநிலம் முழுவதற்கும் சொல்லிப் பார்த்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா. 1997-இல் அங்கே தொழிலாளர் இழப்பீட்டை நிர்வகிக்கும் அரசு அமைப்பு, தொலைக்காட்சியில் தொடர் விளம்பரங்களை ஒளிபரப்பியது. முதுகுவலி வந்தால் படுக்காதீர்கள், நடமாடுங்கள், வேலையை விடாதீர்கள் என்று மருத்துவர்களும் மக்களுக்குத் தெரிந்த முகங்களும் வந்து சொன்னார்கள். விளம்பரம் எதுவும் இல்லாத அண்டை மாநிலமான நியூ சவுத் வேல்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, விக்டோரியாவில் மக்களின் எண்ணமும் பொது மருத்துவர்களின் எண்ணமும் மாறியிருந்தன. முதுகுவலிக்காக இழப்பீடு கேட்டவர்களின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. வலி ஒருவரை எவ்வளவு முடக்கும் என்பதில் பயத்துக்கும் பங்கு இருக்கலாம் என்பதையே இது காட்டுகிறது.

அதே நாட்டில் 2024-இல் இன்னொரு ஆய்வின் முடிவு வெளிவந்தது. சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தினர், இடுப்பு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினருக்கு பிசியோதெரபிஸ்டின் துணையோடு நடைப்பயிற்சி. ஆறு மாதத்துக்குள் வாரத்துக்கு ஐந்து முறை, முறைக்கு அரை மணி நேரம் என்ற அளவை எட்டுவது இலக்கு. மறுபாதியினருக்கு எதுவும் இல்லை. இடுப்பு வலி போனாலும் திரும்பி வருவதுதான் அதன் குணம். நடக்காத பிரிவில் வலி திரும்ப எடுத்துக்கொண்ட காலம் இடைநிலைக் கணக்கில் 112 நாள். நடந்தவர்களிடம் அது 208 நாள். கருவி இல்லை, சந்தா இல்லை. செருப்பு இருந்தால் போதும்.

முழங்காலுக்கு வருவோம். "முட்டி தேஞ்சுபோச்சு, நடந்தா இன்னும் தேயும்" என்று நினைக்காதவர்கள் குறைவு. டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய கிளாட் என்ற திட்டம் இந்த நினைப்பை நேருக்கு நேர் எதிர்கொண்டது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் சிறு குழுவாகக் கூடி, மூட்டு எப்படி இயங்குகிறது என்று முதலில் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு வகுப்பு வீதம் ஆறு வாரம்: நாற்காலியிலிருந்து உட்கார்ந்து எழுதல், படி ஏறி இறங்குதல், ஒரு காலில் சமநிலையாக நிற்றல், தொடைத் தசைக்கு வலுவூட்டல். மூட்டில் உள்ள குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் அதற்கு ஊட்டம் போய்ச் சேருகிறது. தொடைத் தசை வலுவானால் மூட்டின் மேல் விழும் பாரமும் சீராகப் பங்கிடப்படுகிறது. இந்தத் திட்டம் இன்று கனடா, ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகளில் நடக்கிறது.

அங்கே சொல்லித்தரும் ஒரு விதி எல்லோருக்கும் உதவும். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளந்து பாருங்கள். பயிற்சியின்போது இரண்டு வரை வந்தால் கவலை வேண்டாம். ஐந்து வரை வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தைத் தாண்டினாலோ, கூடிய வலி ஒரு நாளைக்குள் பழைய அளவுக்கு இறங்காவிட்டாலோ பயிற்சியைக் குறைக்க வேண்டும். வலித்தால் உடனே நிறுத்து என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிது. வலிப்பதெல்லாம் சேதமாவதன் அடையாளமில்லை என்ற நம்பிக்கை உடம்புக்கும் மூளைக்கும் சேர்ந்து பிறப்பது இப்படித்தான்.

பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கதையை எதிர்பாராத பக்கத்துக்குக் கொண்டுபோனது. மூட்டுவலி உள்ள 78 பேரில் 38 பேர் தினமும் பதினைந்து நிமிடம் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைச் செய்தார்கள். 40 பேர் ஒன்றும் செய்யவில்லை. ஆறு வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் வலி குறைந்தது. அதில் வியப்பில்லை. அவர்களுடைய குடலும் மாறியிருந்ததுதான் வியப்பு. அழற்சியைத் தணிக்கும் பொருள்களை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் குடலில் பெருகியிருந்தன. ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் குறைந்திருந்தன. உடல் தானே சுரக்கும், கஞ்சாவின் வேதிப்பொருளை ஒத்த எண்டோகன்னாபினாய்டுகள் கூடியிருந்தன. குடல் நுண்ணுயிர்களின் அழற்சி தணிக்கும் விளைவில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்தச் சுரப்பின் வழியாகவே நடக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மூட்டுக்குச் செய்த பயிற்சியின் பலன் குடலிலும் தெரிந்தது.

இதற்கு மூன்றாண்டு முன்பு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், உட்கார்ந்தே பழகிய 32 பேரை ஆறு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. ப்யூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் கூடின. ஒல்லியானவர்களிடம் அது நன்றாகவே தெரிந்தது. அடுத்த ஆறு வாரம் மறுபடியும் உட்காரச் சொன்னார்கள். மாற்றங்களில் பெரும்பாலானவை பழைய நிலைக்குப் போய்விட்டன.

ப்யூட்டிரேட் ஏன் முக்கியம்? நாம் சாப்பிடும் நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை திருப்பித் தருவது ப்யூட்டிரேட். பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முதன்மை எரிபொருள் அதுதான். சுவர் உறுதியாக இருந்தால் தேவையற்ற பொருள்கள் ரத்தத்தில் கசிந்து உடம்பெங்கும் அழற்சியைக் கிளப்புவது குறைகிறது. இதோடு குடலுக்கென்றே கோடிக்கணக்கான நரம்பு செல்கள் உண்டு. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை குடலிலிருந்து மேலே சேதி கொண்டுபோகின்றன. குடலில் நடப்பது மூளைக்கு ஓயாமல் தெரிந்துகொண்டே இருக்கிறது.

வலிக்கும் குடல் நுண்ணுயிர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு மனிதர்களிடமிருந்து கிடைத்த வலுவான பதில்களுள் ஒன்று கனடாவின் மான்ட்ரியலில் இருந்து வந்தது. மெகில் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் 156 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 77 பேர் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்கள். உடம்பு முழுக்க வலி, தீராத சோர்வு, தூக்கமின்மை என்று வாட்டும் இந்த நோயை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. ஆனால் சுமார் இருபது வகை நுண்ணுயிர்களின் அளவு இவர்கள் குடலில் மாறியிருந்தது. மாற்றம் கூடக்கூட நோயின் தீவிரமும் கூடியிருந்தது. தொடர்பு இருக்கிறது, சரி. எது காரணம், எது விளைவு? 2025-இல் அடுத்த படி வந்தது. நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மாற்றியபோது எலிகளுக்கு வலி உணர்வு கூடியது. ஆரோக்கியமானவர்களின் நுண்ணுயிர்களை மாற்றியதும் அது தணிந்தது. பிறகு நோயுள்ள 14 பெண்களுக்கு ஆரோக்கியமானவர்களின் நுண்ணுயிர்கள் செலுத்தப்பட்டன. பெரும்பாலோர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறு சோதனை அது. நம்பிக்கை தருகிறது, சிகிச்சை என்று சொல்லும் இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில் கறாராக இருக்க வேண்டும். மூட்டுவலிக்கு, முதுகுவலிக்கு என்று புரோபயாட்டிக் மாத்திரைகளை ஆயிரக்கணக்கில் விலைவைத்து விற்பவர்கள் இந்த ஆய்வுகளைத்தான் காட்டுகிறார்கள். எந்த நுண்ணுயிரை எந்த அளவில் யாருக்குத் தர வேண்டும் என்பது இவற்றில் தீர்மானமாகவில்லை. உடற்பயிற்சிக்கு இருக்கும் சான்றின் கனம் வேறு, மாத்திரை டப்பாவுக்கு இருக்கும் சான்றின் கனம் வேறு.

ஒரே ஒரு வலியில் மட்டும் குடல் வழிச் சிகிச்சை உறுதியாக நிலைபெற்றுவிட்டது. அது ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்: வயிற்று வலி, உப்புசம், பேதி அல்லது மலச்சிக்கல், எல்லாப் பரிசோதனையும் சரி. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர், சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாகும் சில சர்க்கரைகளை அடையாளம் கண்டு, அவற்றைக் குறைக்கும் உணவு முறையை வகுத்தார்கள். ஃபாட்மேப் என்பது அந்தச் சர்க்கரைகளுக்கு வைத்த பெயர். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 294 நோயாளிகளை வைத்து நடத்திய ஒப்பீடு 2024-இல் வெளியானது. நான்கு வாரத்தில் ஃபாட்மேப் குறைந்த உணவு சாப்பிட்டவர்களில் 76 சதவீதம் பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. மருந்து எடுத்தவர்களில் 58 சதவீதம். சாப்பாடு மருந்தை முந்தியது.

தமிழ்ச் சமையலறைக்கு இது லேசான காரியமில்லை. வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால், மாம்பழம் எல்லாமே அந்தப் பட்டியலில் வருபவை. சாம்பாரில் பாதி போய்விடும். அரிசிச் சோறு, கேரட், உருளைக்கிழங்கு, முட்டை, மீன் ஆகியவை இருக்கலாம். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி ஒத்துக்கொள்ளும். வெங்காய வாசத்துக்குப் பெருங்காயம் கைகொடுக்கும், ஆனால் கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். முக்கியமானது இது: இரண்டிலிருந்து ஆறு வாரம் வரைதான் முழு விலக்கல். அதன் பிறகு ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்து, தன் வயிற்றுக்கு எது ஆகவில்லை என்று கண்டுபிடித்து அதை மட்டும் ஒதுக்க வேண்டும். ஆயுளுக்கும் எல்லாவற்றையும் விலக்கினால், நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும் நார்ச்சத்தும் போய்விடும். உணவியல் நிபுணரின் கண்காணிப்பில் செய்வதே நல்லது.

ஐ.பி.எஸ். இல்லாதவர்களுக்கு அறிவுரை நேர்எதிரானது: நார்ச்சத்தைக் கூட்டுங்கள். நாளுக்கு 25 கிராமாவது தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேழ்வரகு, கம்பு, தோலோடு கூடிய பயறுகள், சுண்டல், கீரை, கொய்யா எல்லாம் நம் கைக்கு எட்டியவை. நொதித்த உணவைப் பற்றியும் நல்ல செய்தி உண்டு. ஸ்டான்ஃபோர்டில் 36 பேர் பத்து வாரம் தயிர் போன்ற நொதித்த உணவுகளையோ நார்ச்சத்தையோ மிகுதியாகச் சாப்பிட்டார்கள். நொதித்த உணவுப் பிரிவினரின் குடல் நுண்ணுயிர்களில் வகைகள் கூடின, 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பழைய சோற்றைக் குடல் அழற்சி நோய்க்காக ஆராய்ந்ததும் இதே ஆர்வத்தில்தான். மோரும் நீராகாரமும் குடலுக்கு நல்லவை. மூட்டுவலியைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம்.

தொடங்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வலி குறைவாக இருக்கும் நாளில் வீடு கழுவி, துணி துவைத்து, மாவாட்டி, கடைக்கும் போய்வந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பது. பயிற்சி செய்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அதோடு கைவிடுவது. மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவு எதுவோ, ஐந்து நிமிட நடையாக இருந்தாலும் சரி, அதுதான் ஆரம்பம். நல்ல நாளிலும் அதைத் தாண்டாமல் இருந்து, வாரம் தோறும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நடை, நீச்சல், யோகா, தை-சி எதுவானாலும் சரி. விடாமல் செய்ய எது பிடிக்கிறதோ அது. 2018-இல் பாஸ்டனில் 226 ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில் தை-சி என்ற மென்மையான சீனப் பயிற்சி, வழக்கமான ஏரோபிக் பயிற்சிக்கு இணையாகவோ மேலாகவோ பலன் தந்தது.

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சிக்கு முன் மருத்துவர். கால் பலம் இழப்பது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, மலத்தில் ரத்தம் ஆகியவை காத்திருக்கக் கூடாதவை. முடக்குவாதத்துக்கு மருத்துவர் தரும் மருந்துகள் மூட்டு சிதைவதைத் தடுப்பவை. அவற்றை வலி மாத்திரை என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது.

"நடங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுப்பது மட்டும் போதாது. எப்படி, எவ்வளவு, வலித்தால் என்ன செய்வது என்று பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் வேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் முட்டிவலிக்காரர்களைக் குழுவாகச் சேர்த்து ஆறு வார வகுப்பு நடத்துவதை அதன் அடுத்த படியாக வைக்கலாம். டென்மார்க் திட்டத்துக்கு பிசியோதெரபிஸ்டுகளைத் தயார்படுத்தும் பயிற்சி இரண்டு நாள்தான் நடக்கிறது. அந்த வகுப்புக்கு ஒரு கூடமும் சில நாற்காலிகளும் ஏறி இறங்க ஒரு படியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.